ஆவன செய்க

தம்பி, உங்க போனை ஒரு நிமிஷம் குடுப்பீங்களா? ஒரே ஒரு கால்தான். என்கிட்டயும் போன் இருக்கு, இல்லாம இல்ல. இந்தா பாருங்க, சார்ஜும் இருக்கு. ஆனா என் நம்பர்ல இருந்து போட்டா அந்தப் பொண்ணுக்குப் போகவே மாட்டேங்கு. பிளாக்கோ என்னமோ பண்ணி வச்சிருக்கா. தெரியாத நம்பர்னா எடுப்பா. கூரியர்காரன்னு நினைச்சாவது எடுப்பா.

யோசிக்கீங்க. யோசிக்கத்தான் செய்வீங்க. இப்பம் யாரை நம்ப முடியுது. நான் யாருன்னு சொல்லிருதேன், கேட்டுட்டுக் குடுங்க. பேரு பிறவிப்பெருமாள். யூனிவர்சிட்டியில தாவரவியல் பேராசிரியர். ரிட்டையர் ஆயாச்சு, இந்த வருஷம்தான். கடல்பாசி என் சப்ஜெக்ட். அந்தப் பொண்ணு செண்பகவல்லின்னு, என்கிட்ட பிஎச்.டி. பண்ணுன பிள்ளை. ஏழு வருஷம் என்கிட்ட இருந்தா. மக மாதிரி. கோயில்பட்டியில கட்டிக் குடுத்திருக்கு. அவளைத் தேடித்தான் இந்தப் பஸ்ல போயிட்டிருக்கேன். தெரு பேரு தெரியாது. அங்க ஒரு காலேஜ்ல வேலை பாக்கான்னு மட்டும் தெரியும். இன்னைக்குச் சனிக்கிழமை வேற.

இன்னைக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்கு என் மெயிலை மூடிருவாங்க, தம்பி. யூனிவர்சிட்டி குடுத்த மெயில். ரிட்டையர் ஆனவங்களுக்குக் கொஞ்ச மாசம் டைம் குடுப்பாங்க, அதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துக்கிடணும். எடுக்கலைன்னா அழிச்சிருவாங்க. அந்த மெயிலுக்குள்ள என் மகன் என்கிட்ட கேட்ட ஒரு கேள்வி இருக்கு. அது என்ன கேள்வின்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.

சிரிக்காதீங்க. மகன் கேட்ட கேள்வி அப்பனுக்குத் தெரியாதான்னு நினைக்கீங்க. எங்க ஆபீஸ் நடைமுறை உங்களுக்குத் தெரியாது. சொல்லுதேன்.

நான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற ஆள் இல்ல. எனக்கு அது ஒத்துவராது. கண்ணும் வலிக்கும், மரியாதையாவும் இருக்காது. எங்க டிபார்ட்மென்ட்ல சீனியர் புரொபசர் யாருமே அப்படித்தான். எங்க கைடும் அப்படித்தான் இருந்தாரு, நான்தான் அவருக்கு டைப்ரைட்டர்ல லெட்டர் அடிச்சேன். அதனால தினம் காலையில செண்பகவல்லி என் மெயிலைத் திறந்து, வந்த எல்லாத்தையும் பிரிண்ட் அவுட் எடுத்து, கிளிப் போட்டு என் மேஜையில வச்சிருவா. நான் பென்சில்ல ஓரத்துல எழுதுவேன். ‘நன்றி சொல்லவும்.’ ‘வர இயலாது.’ ‘பைல் பண்ணவும்.’ சிலதுக்கு ‘ஆவன செய்க’. அவ அதைப் பாத்துப் பதில் அடிச்சு அனுப்பிருவா. ஏழு வருஷத்துல ஒரு புகார் வந்தது கிடையாது. வெளிநாட்டுக்காரனே எழுதியிருக்கான், உங்க கடிதங்கள் ரொம்ப இனிமையா இருக்குன்னு. என் பேர்லதானே போச்சு, அப்பம் என் கடிதம்தானே.

மெயில் மட்டும் இல்ல. டிரைவ்னு ஒண்ணு குடுத்தான் பாருங்க, எவ்வளவு வேணும்னாலும் வச்சுக்கிடலாம்னு. நாங்க எல்லாரும் வீட்டையே கொண்டு போய் அதுக்குள்ள கொட்டிட்டோம். பக்கத்து ரூம் மீனாட்சிநாதன் மக கல்யாண வீடியோ பூராவும் அதுலதான் வச்சிருந்தாரு. நான் என் முப்பது வருஷ பாசிப் படம் எல்லாம், மண்டபத்துல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் எடுத்தது, எங்க வீட்ல இருந்தவ படம், பையன் சின்னப் பிள்ளையா மொட்டை போட்டது, எல்லாம் அதுல. ரிட்டையர் ஆகப் போற வாரம் மத்தவங்க எல்லாம் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சாங்க. நான் அலையலை. செண்பகவல்லி பாத்துக்கிடுவான்னு இருந்துட்டேன்.

அவதான் அதுக்கு முந்தியே கிளம்பிட்டாளே. தீசிஸைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. அதுல ஒரு மனக்கசப்பு. அவ தீசிஸை நான் கொஞ்சம் நாள் வச்சிருந்தேன். ரெண்டு வருஷம்னு வைங்களேன். சும்மா வச்சிருக்கலை, திருத்திக்கிட்டிருந்தேன். முழுசா வரணும்லா? என் பேரு அட்டையில வருது. அதுக்கு இடையில எனக்கு எத்தனை கமிட்டி, எத்தனை வைவா. அவ என்ன நினைச்சான்னா, மெயில் பாக்க ஆள் வேணும்னுதான் நான் தீசிஸைப் பிடிச்சு வச்சிருக்கேன்னு நினைச்சுட்டா. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. வேற கைடுகிட்ட மாத்திக்கிட்டுப் போயிட்டா. நான் கோபப்படலை. நல்லா இருக்கட்டும்னுதான் நினைச்சேன்.

இப்பம் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். தெரியாம இல்ல. ‘வடிவு’ன்னு எங்க வீட்ல இருந்தவ பேரும், எங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷமும். சங்கரவடிவு அவ முழுப் பேரு. செண்பகவல்லிதான் அப்படிப் போட்டா, நான் மறக்கக் கூடாதுன்னு. வருஷம் என்னன்னு வடிவுகிட்டயே போன் போட்டுக் கேட்டுக்கிட்டா. ஆனா பாஸ்வேர்டு மட்டும் போதாதாம். என் ஆபீஸ் கம்ப்யூட்டரை ஒப்படைச்சாச்சு. வேற எதுல போட்டாலும் ஓடிபி கேக்கு. அந்த ஓடிபி எந்த நம்பருக்குப் போகுது? அவ நம்பருக்குப் போகுது. ஏழு வருஷத்துக்கு முந்தி அவதானே எல்லாம் போட்டா, அவ நம்பரையே குடுத்திருக்கா. கம்ப்யூட்டர் சென்டர்ல ஒரு பையன்கிட்ட கேட்டேன், நம்பரை மாத்துப்பான்னு. மாத்தணும்னா முதல்ல உள்ள போகணும் சார்ங்கான். உள்ள போகணும்னா ஓடிபி வேணும். இல்லைன்னா எச்.ஓ.டி. கையெழுத்தோட லெட்டர் கொண்டு வாங்கங்கான். எச்.ஓ.டி. யாரு? என்கிட்ட படிச்சவன்தான். லீவுல இருக்கான். இருக்கானோ இல்லையோ, லீவுல இருக்கான்னு சொல்லச் சொல்லியிருக்கான்.

செண்பகவல்லிக்கு ஒரு தடவை போன் போட்டேன். எடுத்தா. அன்னைக்கு அவளுக்குக் கல்யாணம். எனக்குத் தெரியாம இல்ல, பத்திரிகை வச்சிருந்தா. ஆனா முகூர்த்தம் ஒன்பதரைக்கு. நான் எட்டு மணிக்குத்தான் கூப்பிட்டேன். ஒரு நம்பர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகப் போகுது? சார், நான் மணவறையில இருக்கேன் சார்னா. நல்லதும்மா, ஆசீர்வாதம், அந்த ஓடிபி மட்டும் சொல்லிருன்னேன். பக்கத்துல யாரோ போனை வாங்கி வச்சிட்டாங்க. அன்னையில இருந்து இந்த பிளாக்.

அப்பமும் எனக்கு இவ்வளவு அவசரம் இல்ல. பாசிப் படம்தானே, மெதுவா எடுத்துக்கிடலாம்னு இருந்தேன். நேத்து எங்க அக்கா கோமு போன் பண்ணுனா. சங்கரன்கோயில்ல இருக்கா. அவ சொல்லித்தான் தெரியும், என் மகன் அவ வீட்டுக்கு வந்திருக்கான்னு.

குமரகுருன்னு பேரு. நார்வேயில இருக்கான். ஒரே பையன். நாலு வருஷமா என்கூடப் பேச மாட்டான். வந்து ரெண்டு வாரம் ஆச்சாம். பொண்டாட்டி, ஒரு பொம்பளைப் பிள்ளை, நடக்குதாம், ஆச்சின்னு சொல்லுதாம் கோமுவை. எனக்குத் தெரியாது. பேரு என்ன வச்சிருக்கான்னு கோமுகிட்ட கேக்கணும்னு நினைச்சேன். கேட்டா, உனக்கு எழுதலையா அவன்னு கேட்டுருவா. அதனால கேக்கலை.

ஏன் பேச மாட்டான்னு கேப்பீங்க. நான் செஞ்சது தப்பா நியாயமான்னு நீங்களே சொல்லுங்க. வடிவுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. கணையத்துல. டாக்டர் ரெண்டு மாசம்னுட்டாரு. அப்பம் அவன் பெங்களூர்ல பிஎச்.டி. முடிச்சு வைவாவுக்கு நிக்கான். அஞ்சு வருஷ உழைப்பு. இந்த நேரத்துல அம்மாவுக்கு இப்படின்னு சொன்னா அவன் என்ன செய்வான்? போட்டது போட்டபடி ஓடி வந்துருவான். வைவா தள்ளிப் போகும். தள்ளிப் போனா எக்ஸாமினர் கிடைக்க மாட்டான், நார்வேயில அவனுக்குச் சொல்லி வச்சிருந்த வேலை போயிரும். நான் பாத்திருக்கேன் அப்படிக் கெட்டுப் போன பிள்ளைகளை. அதனால சொல்லலை. அம்மாவுக்கு வயித்து வலி, வெந்நி குடிச்சுட்டுப் படுத்திருக்கான்னு சொல்லிட்டேன். வடிவு போனைக் கேட்டா, அவன் படிக்கான் தொந்தரவு பண்ணாதம்பேன். ‘குமரன் எப்பம் வாரான்’ன்னு கேப்பா. வைவா முடியட்டும்பேன். சரிம்பா. எதுக்கும் சரின்னு சொல்லக் கூடியவ அவ.

வைவா அன்னைக்குக் காலையில போயிட்டா. நான் என்ன செய்யணும், சொல்லுங்க. மத்தியானம் வைவா. வெளியூர்ல இருந்து எக்ஸாமினர் வந்து இறங்கியாச்சு. அஞ்சு மணி நேரம்தான், பொறுத்துக்கிடுவோம்னு பொறுத்தேன். சாயந்திரம் அவன் போன் பண்ணி, அப்பா டாக்டர் ஆயிட்டேன், அம்மாகிட்ட குடுங்கன்னான். அப்பமும் நேரா சொல்லலை. வான்னு மட்டும் சொன்னேன். மறுநா காலையில வந்தான். கொள்ளி வச்சான். பதினாறு வரைக்கும் வீட்ல இருந்தான், என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. போகும்போது வாசல்ல நின்னு, அம்மா கிடக்கும்போது எனக்கு ஏன்பா சொல்லலைன்னு கேட்டான். உன் நல்லதுக்குத்தானேடான்னேன். வேற என்ன சொல்ல? உண்மையும் அதுதானே?

போன்ல பேசினா சண்டை வருது, எழுதுதேன்னு கோமுகிட்ட சொல்லிட்டுப் போனானாம். எழுதினான். அவனுக்குத் தெரிஞ்சது யூனிவர்சிட்டி மெயில்தான். அதுவும் மத்ததோட மத்ததா பிரிண்ட் அவுட் ஆகி, கிளிப் போட்டு வந்துச்சு. ஒவ்வொண்ணும் நாலு பக்கம், அஞ்சு பக்கம். முதல் பக்கத்துல ‘அப்பாவுக்கு’ன்னு இருக்கும். நான் பாத்தேன். பாக்கலைன்னு சொல்ல மாட்டேன். முதல் நாலு வரி பாப்பேன். அதுக்கு மேல எனக்கு முடியாது. அதோட வெளியில ஆள் காத்துக்கிட்டு நிப்பான், செனட் மீட்டிங்குக்கு ஜீப் வந்து நிக்கும். ஓரத்துல ‘ஆவன செய்க’ன்னு எழுதி டிரேயில போட்டுருவேன். அவளும் பதில் போட்டுருவா. பொறுப்பான பிள்ளை.

நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, தம்பி. அதைத்தான் சொல்லுதேன். கோமு போன வருஷம் சொன்னா, நீ அவனுக்கு நல்லா எழுதுதியாமே, அவனே சொன்னான், அப்பா இப்படி எழுதுவாருன்னு நான் நினைக்கவே இல்லன்னான்னா. எனக்கு எவ்வளவு சந்தோஷம். அம்மா வச்ச மல்லிச்செடி இந்த வருஷம் நிறைய பூத்திருக்குன்னு எழுதியிருக்கேனாம். அவன் அதைப் படிச்சு அழுதானாம். நான் அன்னைக்கு ராத்திரியே பின்கட்டுல போய்ப் பாத்தேன், உண்மையிலேயே பூத்துத்தான் இருந்துச்சு. கையெழுத்து வாங்க வீட்டுக்கு வரும்போது செண்பகவல்லி தண்ணி ஊத்துவா போல. இப்பம் பட்டுப்போச்சு. அவ போனதுக்கு அப்புறம் ஒருத்தரும் அதைக் கவனிக்கலை.

அவளுக்கும் சில சமயம் கொஞ்சம் திமிர் உண்டு, அதையும் சொல்லிருதேன். ஒருநாள் செலக்‌ஷன் கமிட்டிக்குக் கிளம்பிட்டு இருக்கேன். ஒரு பிரிண்ட் அவுட்டைக் கையில வச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கா. சார், இதை மட்டும் நீங்க படிச்சுருங்க சார்ங்கா. வாங்கி ‘ஆவன செய்க’ன்னு எழுதிக் குடுத்தேன். மறுநாளும் அதே பேப்பரைக் கொண்டு வாரா. சார், இதுக்கு என்னால ஆவன செய்ய முடியாது சார், ஒரே வரிதான், நீங்களே பாத்துருங்கங்கா. எனக்கு வந்துச்சு கோபம். நாலு பேர் உக்காந்திருக்காங்க ரூம்ல. ஒரு வரி மெயிலுக்குப் பதில் போடத் தெரியாதவ எப்படிம்மா இருநூறு பக்கம் தீசிஸ் எழுதுனேன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ பேப்பரை மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டா. எந்த ஜர்னல்காரன் மெயிலோ என்னமோ.

சரி, நேத்து கோமு சொன்னதைச் சொல்லுதேன். குமரகுரு இன்னைக்கு ராத்திரி வண்டிக்குச் சென்னைக்குக் கிளம்புதான். அங்க இருந்து பிளைட். அப்பாவை ஒரு எட்டு பாத்துட்டுப் போடான்னு அவ சொல்லியிருக்கா. அவன் சொன்னானாம், அத்தை, நான் அப்பாகிட்ட ஒரு கேள்வி கேட்டு எழுதியிருக்கேன், ரொம்ப நாளாச்சு, பதில் வரலை. பதில் வந்தா பாளையங்கோட்டைக்குப் போய் அப்பாவைப் பாத்துட்டு அங்க இருந்து வண்டி ஏறுதேன். வரலைன்னா இப்படியே போயிருவேன், இனிமே எழுதவும் மாட்டேன்னானாம். என்ன கேள்விடான்னு கோமு கேட்டிருக்கா. அவருக்குத் தெரியும் அத்தைன்னுட்டான்.

அவருக்குத் தெரியுமாம். கேட்டீங்களா. எனக்கு எப்படித் தெரியும்?

ரெண்டு ராத்திரியா தூங்கலை தம்பி. நேத்து ராத்திரியையும் முந்தா நா ராத்திரியையும் போட்டுக் குழப்புதேன், ஒரே ராத்திரிதான், ரெண்டு மாதிரி இருந்துச்சு. என்ன கேட்டிருப்பான்? வீட்டைப் பத்தியா? அவனுக்கு அந்த ஆசை கிடையாது. அவ நகையைப் பத்தியா? கேக்க மாட்டான். எனக்கு ஒரே ஒரு பயம்தான். ‘அம்மா கடைசியில என்னைக் கேட்டாளா’ன்னு கேட்டிருப்பான். அதைத்தான் கேட்டிருப்பான். ஆமான்னு சொன்னா, கேட்டும் நீங்க சொல்லலையான்னு ஆகும். இல்லைன்னு சொன்னா வடிவு என்னை மன்னிக்க மாட்டா. தினம் கேட்டா தம்பி. கடைசி நாளு காலையில கூட, இன்னைக்குத்தானே வைவான்னு கேட்டா. அதுதான் அவ பேசின கடைசிப் பேச்சு. ஆமான்னேன். நல்லபடியா முடியட்டும்னா.

நேரா சங்கரன்கோயிலுக்குப் போக வேண்டியதுதானேன்னு கேக்கீங்க. கோயில்பட்டியில இருந்து பஸ் இருக்கு, எனக்கும் தெரியும். போய் என்ன சொல்ல? வாசல்ல போய் நிப்பேன். அவன் கேப்பான், என் கேள்விக்குப் பதில் எங்கன்னு. எந்தக் கேள்விடான்னு நான் கேக்க முடியுமா? அவ்வளவு நாள் உக்காந்து எழுதியிருக்கான், நான் படிக்கவே இல்லன்னு தெரிஞ்சா அவன் மனசு என்ன பாடுபடும்? அந்த ஒண்ணு மட்டும் அவனுக்குத் தெரியவே கூடாது. நான் முப்பத்தஞ்சு வருஷம் வாத்தியாரா இருந்தவன். பாடத்தைப் பாக்காம ஒரு நாளும் கிளாசுக்குள்ள நுழைஞ்சது கிடையாது. கேள்வி தெரிஞ்சா போதும், பதில் மெயில்லயே போட்டுருவேன். பதிலைப் பாத்துட்டு அவனே வருவான். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வருவான்.

பாசிப் படமெல்லாம் போகட்டும். முப்பது வருஷம் போகட்டும், எவன் கேக்கப் போறான் அதை. அந்த ஒரு மெயில் எனக்கு வேணும். பயமா இருக்கு தம்பி. உள்ளதைச் சொல்லிட்டேன்.

குடுக்கீங்களா. நல்லா இருப்பீங்க. நம்பர் என் சட்டைப் பையில எழுதி வச்சிருக்கேன், நீங்களே போட்டுக் குடுத்துருங்க. கயத்தாறு வந்துட்டா? இல்லையா. சரி.

போகுது. ரிங் போகுது.

அலோ. அலோ, செண்பகமா? வச்சிராதம்மா. வச்சிராத. நான்தான், சார். பிறவிப்பெருமாள். பஸ்ல இருக்கேன், ஒரு தம்பி போன்ல இருந்து பேசுதேன். நல்லா இருக்கியா? மாப்பிள்ளை நல்லா இருக்காரா? சரி, சரி. இல்லம்மா, தீசிஸ் விஷயம் இல்ல. அப்படியா, பட்டம் வாங்கியாச்சா. சந்தோஷம்மா. எனக்குத் தெரியாது. எனக்கு யாரு சொன்னா?

செண்பகம், குமரகுரு வந்திருக்கான். ஆமா. ஆமா, அவனேதான். இன்னைக்கு ராத்திரி போறான். என்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கானாம் மெயில்ல. அது என்னன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? இருக்குமே, நீதானே பாத்த.

அலோ? கேக்குதா?

சொல்ல மாட்டியா? ஏன்? எடுத்துப் படிக்கிறதுக்கு எனக்கு எங்கம்மா வழி இருக்கு, ஓடிபி உனக்குல்லா வரும். அனுப்புதியா? சரி. சரிம்மா. இந்தத் தம்பி போன்லயே திறக்கேன். என்னது? அதுக்கு மேல நீ பதில் எழுதலையா? ஏன் எழுதலை? அலோ. கேக்குது, சொல்லு. ம். ம். சரி. நானே படிக்கேன். யாரையும் படிக்கச் சொல்ல மாட்டேன். சரிம்மா. போனைக் கையில வச்சுக்கோ, எங்கயும் போயிராத.

பாத்தீங்களா, தங்கமான பிள்ளை. அழுகுறா. எதுக்கு அழுகுறான்னு தெரியலை. மத்ததுக்கு எல்லாம் எழுதிட்டேன் சார், அதுக்கு மட்டும் என்னால உங்க பேர்ல எழுத முடியலைங்கா. அதை நீங்களே படிக்கணும் சார், யாரையும் வாசிக்கச் சொல்லாதீங்கங்கா. சின்னப் பிள்ளை, எனக்குச் சொல்லிக் குடுக்கா. இருக்கட்டும்.

போடுங்க தம்பி. பி, ஐ, ஆர். ஆமா, பேரு பூரா. பெறகு அந்த அட், யூனிவர்சிட்டி பேரு. பாஸ்வேர்டு வடிவு, இங்கிலீஷ்ல. அதுக்குப் பக்கத்துல வருஷம். எண்பத்தஞ்சு. இல்ல, இருங்க. எண்பத்தாறு. எண்பத்தாறுதான், ஆவணியில. எடுத்துக்கிட்டா? நல்லவேளை. இப்பம் ஓடிபி கேக்கும். கேக்குதா? வந்துட்டு பாருங்க, அவ மெசேஜ். அனுப்பிட்டா. போட்டுருங்க.

திறந்துட்டா?

எங்க காட்டுங்க. எனக்கு ஒண்ணும் தெரியலை, மங்கலா இருக்கு. கண்ணாடியை வீட்ல வச்சிட்டு வந்துட்டேன், அவசரத்துல. நீங்களே பாருங்க. அவ என்னமோ சொன்னா, இப்பம் அதுக்கெல்லாம் நேரம் இல்ல. குமரகுருன்னு தேடுங்க. இருக்கா? நிறைய இருக்கா? தடிச்ச எழுத்துல இருக்கா, அது என்ன அர்த்தம்? திறக்காததா. சரி, அவ போனதுக்கு அப்புறம் வந்ததா இருக்கும். யாரு திறப்பா.

கடைசியா வந்ததைத் திறங்க. பக்கத்துல கேட்டா கேட்டுட்டுப் போகட்டும், சத்தமாவே படிங்க.

என்ன?

இன்னொரு தடவை படிங்க.

‘அப்பா, இதையெல்லாம் நீங்கதான் படிக்கிறீங்களா?’ அவ்வளவுதானா? கீழ தள்ளிப் பாருங்க, இருக்கும். ஒண்ணும் இல்லையா. அதுக்கு முந்துன மாசத்தைப் பாருங்க. அதே வரியா. அதுக்கு முந்தி? அதுக்கும் முந்தி? எல்லாம் அதே வரிதானா? மாசா மாசமா? முதல்ல எப்பம் கேட்டிருக்கான், தேதியைப் பாருங்க. போன வருஷம் ஆடியிலயா. ஆடியில நான் எங்க இருந்தேன்? செலக்‌ஷன் கமிட்டி அப்பம்தான். அந்தப் பிள்ளை ரெண்டு நாளா கையில வச்சுக்கிட்டு நின்னது இதைத்தானா? அப்பமே வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா, சார் இது உங்க மகன் கேட்டதுன்னு. சொல்லாம நின்னா எனக்கு எப்படித் தெரியும்?

இருங்க. கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க.

நான் என்னென்னமோ நினைச்சுட்டேன் தம்பி. வடிவு கேட்டாளான்னு கேட்டிருப்பான்னுதான் பயந்துட்டேன். இதுதானா. இதுக்கு ஒரு வார்த்தை போதுமே. இதுக்கா இவ்வளவு நாள் காத்துக்கிட்டு இருந்தான் பாவம். மணி என்ன ஆச்சு? அப்பம் இருக்கு, நேரம் இருக்கு. பதில்ங்கிற இடத்தை அமுக்குங்க.

‘ஆமா’ன்னு போடுங்க.

என்ன, போனை என்கிட்ட நீட்டுதீங்க. எனக்குத் தமிழ்ல அடிக்க வராது. நீங்கன்னா டக்குனு போட்டுருவீங்க. ஏன் அப்படிப் பாக்கீங்க? ஒரு குடும்பம் சேரப் போகுது, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மூடிட்டான்னா எனக்கு வேற வழி கிடையாது, தம்பி. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அவன் ரயில்ல ஏறிருவான். உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன். என் வயசுக்குக் கேக்கேன்.

ஆங், அப்படித்தான். ‘ஆமா, நான்தான் படிக்கேன்’னு போடுங்க. ‘எல்லாத்தையும் படிக்கேன்’. கீழ ‘அப்பா’ன்னு போட்டுருங்க. போட்டாச்சா? அனுப்பிராதீங்க, இருங்க. என்ன எழுதியிருக்கேன்னு எனக்கு ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க.